பலகைத் தரையும் பள்ளிக் கணக்கும்

வீடு என்றதும் நம் கண்முன் நிற்பவை சுவரும் கூரையுமே. தரையை எண்ணிப் பார்ப்பவர் சிலர். தரை நன்றாக இருக்குமளவும் அதை ஒருவரும் நினைப்பதில்லை. கெட்டுப் போன அன்றுதான் அது நினைவுக்கு வருகிறது. எனக்கும் அப்படியே வந்தது. அந்த அனுபவத்திலிருந்து தொடங்கி, மரச்சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகையை எப்படி வகுத்து இடுவது என்பதை ஆசிரியப் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் முன்பு பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்றில், கால் நட்டு எழுப்பிய பழைய கட்டடத்தை ஒட்டி நூலக அறை ஒன்று கட்டினோம். நீளம் 20 அடி. அகலம் 14 அடி. பெற்றோர்கள் தத்தம் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் அது. தரைக்கு எத்தனை பலகை வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். நான் எழுந்து கரும்பலகையில் கணக்குப் போட்டேன். 20ஐ 14ஆல் பெருக்க 280 சதுர அடி. ஒட்டுப்பலகை ஒன்று 8 அடிக்கு 4 அடி. அதாவது 32 சதுர அடி. 280ஐ 32ஆல் வகுத்தால் எட்டே முக்கால். ஆகவே 9 பலகை போதும் என்றேன். ஒன்பது வாங்கினார்கள். ஒன்பதும் சரியாகப் போதின. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறு மாதம் சென்றது. தரைமேல் ஒட்டிய விரிப்பு, அறையின் குறுக்கே இரண்டு இடங்களில் நூல் பிடித்தாற்போல நேராகக் கிழிந்தது. நடந்தால் பலகை முனகியது. ஒரு நாள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி அமர்ந்திருந்த நாற்காலியின் கால் அந்தக் கோட்டில் சட்டென்று இறங்க, பிள்ளை சாய்ந்து விழுந்து மணிக்கட்டில் அடிபட்டாள். அவள் தந்தை என் மீது கோபப்படவில்லை. "சார், நீங்க போட்ட கணக்குதானே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடி, கைவிளக்கை எடுத்துக்கொண்டு தரைக்கடியில் தவழ்ந்து போனேன். அங்கே கண்டதுதான் இனி வரும் செய்தி.

ஒட்டுப்பலகையின் இயல்பு

மரம் இழையின் போக்கில் வலியது; இழைக்குக் குறுக்கே மெலியது. விறகு பிளப்பவர் யாரும் இதை அறிவர். நெடுக்கே கோடரி இறங்கும், குறுக்கே இறங்காது. மேலும், ஈரம் பட்டால் மரம் இழைக்குக் குறுக்கேதான் மிகுதியாக விரியும். நெடுக்கே விரிவது மிகக் குறைவு. இவ்விரு குறைகளையும் நீக்கவே ஒட்டுப்பலகை செய்தனர். மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இழை மாறி மாறிக் குறுக்கும் நெடுக்குமாக வருமாறு அடுக்கிப் பசையிட்டு அழுத்துவர். தகடுகளின் எண்ணிக்கை பொதுவாக ஒற்றைப்படையாக இருக்கும். அதனால் மேல்தகடும் அடித்தகடும் ஒரே போக்கில் அமையும்.

பெரும்பாலான பலகைகளில் அந்தப் போக்கு நீளவாட்டம், அதாவது 8 அடி செல்லும் திசை. ஆகவே பலகைக்கு நீளவாட்டில் வலிமை மிகுதி. தாங்கும் சட்டங்கள் கிழக்கு மேற்காகக் கிடந்தால், பலகையின் நீளம் தெற்கு வடக்காகக் கிடக்க வேண்டும். சட்டத்திற்குக் குறுக்கே பலகை என்பதே முதல் விதி.

முற்காலத்துத் தரைகளில் அரை அடி அகலமுள்ள பலகைகளை வரிசையாக அடித்தார்கள். அதில் ஒரு பலகை தவறினால் அந்த ஒரு பலகையே ஆடும், மாற்றிவிடலாம். ஒட்டுப்பலகையோ ஒரே துண்டில் 32 சதுர அடியை மூடுகிறது. வேலை விரைவு, ஆனால் பிழையும் அதே அளவு பெரிது. சிறு பலகை பொறுத்துக்கொண்ட தவற்றைப் பெரும்பலகை பொறுக்காது. ஆகவேதான் அடிக்கும் முன்னே தாளில் வகுத்துக்கொள்வது இன்றியமையாததாகிறது.

மூட்டுக்கு மேல் மூட்டு

செங்கற் சுவரை நோக்குங்கள். ஒரு வரியில் இரு கற்கள் கூடும் இடத்திற்கு மேலே அடுத்த வரியில் முழுக்கல் வந்து அமர்கிறது. அத்தாப்புக் கூரை வேய்ந்தவர்களும் ஒரு வரிசையின் இடுக்கை மறு வரிசை மூடுமாறே வேய்ந்தனர். செய்யுளில் சீரும் சீரும் கூடும் இடத்தைத் தளை என்று பெயரிட்டு, அந்தக் கூட்டத்திற்கே தனி இலக்கணம் வகுத்தனர் நம் முன்னோர். தச்சுவேலையிலும் உறுப்புகள் கூடும் இடமே இலக்கணம் வேண்டும் இடம்.

பலகையின் நடுவில் காலை வைத்தால் சுமையைப் பல சட்டங்கள் பகிர்ந்துகொள்ளும். முனையில் வைத்தால் பகிர்வதற்கு அப்பால் பலகை இல்லை. எனவே முனை மெலிந்த இடம். எல்லா வரிசைகளின் முனைகளும் ஒரே கோட்டில் வந்தால், அறைக்குக் குறுக்கே ஒரு மெலிந்த கோடே உண்டாகிறது. மரம் ஈரத்தால் விரிவதும் காய்ந்து சுருங்குவதும் அந்தக் கோட்டிலேயே திரண்டு தெரியும். எங்கள் விரிப்பு நேராகக் கிழிந்ததற்குக் காரணம் இதுவே.

எங்கள் தச்சர் செய்தது என்ன? ஒவ்வொரு வரிசையையும் முழுப்பலகையில் தொடங்கி 8, 8, 4 அடி என முடித்தார். மூன்று வரிசைக்கு ஒன்பது பலகை ஆயிற்று. 4 அடிச் சதுரத் துண்டுகள் மூன்று மிஞ்சின. அகலத்தில் எஞ்சிய 2 அடிப் பட்டைக்கு அவற்றை இரண்டிரண்டாகப் பிளந்து, ஐந்து துண்டுகளை வரிசையாக அடித்தார். ஒரு துண்டு மிச்சம். ஒரு பலகையும் வீணாகவில்லை. ஆனால் 8ஆம் அடியிலும் 16ஆம் அடியிலும் எல்லா மூட்டுகளும் ஒரே கோட்டில் நின்றன. பரப்பளவுக் கணக்கு சரி, தரை தவறு.

அதே ஒன்பது பலகையை வேறு வகையாக இட்டுப் பார்ப்போம்.

முதல் வரிசை: 8, 8, 4 அடி. மூட்டுகள் 8லும் 16லும்.
இரண்டாம் வரிசை: முன்வரிசையில் வெட்டி மிஞ்சிய 4 அடித் துண்டில் தொடங்கி 4, 8, 8 அடி. மூட்டுகள் 4லும் 12லும்.
மூன்றாம் வரிசை: முதல் வரிசை போலவே 8, 8, 4 அடி.
நான்காம் வரிசை (2 அடிப் பட்டை): மூன்றாம் வரிசையில் மிஞ்சிய சதுரத்தை இழைப்போக்கில் பிளந்த 4 அடித் துண்டில் தொடங்கி, ஒன்பதாம் பலகையை நெடுக்கே இரண்டாகப் பிளந்த 8, 8 அடித் துண்டுகளால் முடிவு. மூட்டுகள் 4லும் 12லும்.

எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு வரிசைக்கும் ஐந்து, மூன்றாவதற்கு மூன்று, கடைசிப் பட்டைக்கு ஒன்று, ஆக ஒன்பதே. மிச்சமும் முன்போல் 4 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்றே. வாள் வேலையோ, முன்பு ஆறு வெட்டு. இப்போது நான்கு வெட்டு. இருந்தும் அடுத்தடுத்த வரிசைகளில் மூட்டுக்கு நேரே மூட்டு எங்கும் இல்லை. ஒரு காசும் கூடுதலாகச் செலவிடாமல் உறுதியான தரை கிடைத்திருக்கும். நான் பலகையை எண்ணினேனே தவிர, அதன் இடத்தை எண்ணவில்லை.

சட்டத்தின் இடைவெளி

மூட்டு மாறி வந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு முனையும் ஒரு சட்டத்தின் நடுவில் வந்து அமர வேண்டும். சட்டம் 2 அங்குலக் கனமானால், இருபுறத்துப் பலகைக்கும் ஓரோர் அங்குலம் இருக்கை கிடைக்கும். 8 அடி என்பது 96 அங்குலம். அதை மிச்சமின்றி வகுக்கும் இடைவெளிகள் 12, 16, 24 அங்குலம் முதலியன. வீட்டுத் தரைக்கு 16 அங்குலமே பெருவழக்கு. முக்கால் அங்குலக் கனமுள்ள பலகைக்கு அது ஏற்ற இடைவெளி. நம் 20 அடி அறை 240 அங்குலம், பதினைந்து 16. மேலே காட்டிய 4, 8, 12, 16 அடி மூட்டுகள் எல்லாம் 16இன் மடங்குகளிலேயே விழுகின்றன என்பதைக் கவனிக்க.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலகை முதற் சட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து தொடங்குகிறது, நடுவிலிருந்து அன்று. ஆகவே 16 அங்குலத்தை அந்த வெளி ஓரத்திலிருந்தே அளக்க வேண்டும். அப்படி அளந்தால் முதற் சட்டத்தின் நடுவுக்கும் இரண்டாம் சட்டத்தின் நடுவுக்கும் 15 அங்குலமே இருக்கும். இதை மறந்து நடுவிலிருந்து 16 என்று வைத்தால், அறை முழுதும் ஓர் அங்குலம் தள்ளிப் போய், பலகை முனை சட்டத்தின் விளிம்பில் தொற்றி நிற்கும்.

இன்னொன்று: ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததை, அதிலிருந்து அடுத்ததை என்று தாவித் தாவி அளக்கக் கூடாது. ஒவ்வொரு தாவலிலும் சிறு தவறு சேரும். ஒரு தாவலுக்கு இரண்டு மில்லிமீட்டர் என்றால், பதினைந்து தாவலில் முப்பது மில்லிமீட்டர் ஆகிவிடும். அளவு நாடாவை ஒரே முனையில் பிடித்து, 16, 32, 48 என்று தொடர்ந்து குறித்துச் செல்வதே முறை.

அடியும் மில்லிமீட்டரும்

இனி எங்கள் தரையின் இரண்டாவது குற்றம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் முறைக்கு மாறினோம். பள்ளியில் நாம் கற்பிப்பதும் அதுவே. ஆனால் மரக்கடையில் இன்றும் 'எட்டுக்கு நாலு' என்றுதான் பலகை கேட்கிறோம். கடைக்காரர் தரும் பலகை 2440 மில்லிமீட்டர் நீளமும் 1220 அகலமும் உடையது. அது 8 அடிக்கு 4 அடியின் மெட்ரிக் பெயரே. எங்கள் வரைபடத்திலோ சட்ட இடைவெளி 400 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. 16 அங்குலத்திற்குக் கிட்டிய முழு எண் என்று அவ்வாறு எழுதினர் போலும்.

400ஐ ஆறால் பெருக்க 2400. பலகையோ 2440. எனவே முதற்பலகையின் முனை சட்டத்தின் நடுவைத் தாண்டி 40 மில்லிமீட்டர் போய்விட்டது. சட்டத்தின் கனம் 50. அதில் பாதி 25. ஆகவே முனை சட்டத்தை விட்டு 15 மில்லிமீட்டர் வெளியே நின்றது. அது கூடச் சிறிய குற்றமே. அதை அடுத்துத் தொடங்கும் பலகையைப் பாருங்கள். அதன் தொடக்கம் 2440இல். அதற்குரிய முதல் தாங்கு 2800இல் நடுவைக் கொண்ட சட்டம். இடையே 335 மில்லிமீட்டர், அதாவது ஓர் அடிக்கு மேல், பலகை அந்தரத்தில் நின்றது. நாற்காலியின் கால் இறங்கிய இடம் அதுதான். ஆறு இடைவெளியில் 40 மில்லிமீட்டர் பிழை, பன்னிரண்டு இடைவெளியில் 80 ஆயிற்று.

இதற்கு வழிகள் மூன்று. 2440ஐ ஆறால் வகுத்து, இடைவெளியை 406 அல்லது 407 மில்லிமீட்டராக வைப்பது சிறந்தது. இடைவெளியை 400 ஆகவே வைத்தால், ஒவ்வொரு பலகையிலும் 40 மில்லிமீட்டர் வெட்டி 2400 ஆக்கிக்கொள்ள வேண்டும். தரை முடிந்த பின் கண்டால், மூட்டுக்கு அடியில் வருமாறு சட்டத்தோடு துணைக்கட்டை சேர்த்து முடுக்க வேண்டும். கால் நட்ட கட்டடமாதலால், நாங்கள் அடியில் புகுந்து மூன்றாவது வழியைச் செய்தோம். வேலை இரண்டு நாள். முன்பே கணக்கிட்டிருந்தால் இரண்டு நிமிடம்.

அடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

அறை சதுரமாக இல்லையேல் எந்த வகுப்பும் பயன்படாது. இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் அவை ஒத்திருக்க வேண்டும். 20க்கு 14 அடி அறையில் மூலைவிட்டம் ஏறக்குறைய 24 அடி 5 அங்குலம். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறு பக்கம் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்றும் பார்க்கலாம். சுவர் கோணலாக இருப்பது இயல்பு. ஆதலால் சுவரை நம்பாமல், முதல் வரிசைக்கு நூல் அடித்து அந்தக் கோட்டிலேயே பலகையை வைக்க வேண்டும். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை, நூலறிந்தோர் நிழல் பார்த்துத் திசை தேர்ந்து கயிறிட்டு அரண்மனைக்கு இடம் வகுத்ததைக் கூறுகிறது. கயிறு முன்னே, கட்டடம் பின்னே என்பது நமக்குப் புதிய பாடமன்று.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே அரைக்கால் அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர், இடம் விட வேண்டும். மழைக்காலத்தில் மரம் விரிய இடமின்றேல் பலகை மேலெழும்பி வளையும். வாள் ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய அதே அளவு தின்றுவிடுவதால், ஒன்று மற்றொன்றை ஈடு செய்யும். சுவரோரத்திலும் சிறிது இடம் விடுக. எந்தத் துண்டும் மூன்று சட்டங்களிலாவது படிய வேண்டும். அதற்குக் குறைந்த குறுந்துண்டு கடைசியில் வருமானால், முதற்பலகையைக் குறைத்து வரிசையைத் திருத்துக. நீளவாட்டு ஓரங்கள் சட்டங்களின் இடையே ஆடாதிருக்க, அவற்றின் அடியில் இடைக்கட்டை வைப்பது நலம். ஓரங்களில் 6 அங்குலத்திற்கு ஒன்றும் நடுவில் 12 அங்குலத்திற்கு ஒன்றுமாகத் திருகாணி முடுக்குவது வழக்கம். ஈரம் நிறைந்த நம் நாட்டில் தண்ணீருக்கு இளகாத பசையிட்ட பலகையே ஏற்றது. தரைக்கடியில் காற்றோட்டத்தை அடைத்துவிட்டால் ஈரமும் கறையானும் எல்லாக் கணக்கையும் வென்றுவிடும்.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

அந்தப் பிழைக்குப் பின் பரப்பளவுப் பாடத்தை நான் வேறு வகையாக நடத்துகிறேன். கட்டத்தாளில் அறையை வரையச் சொல்லி, அட்டையில் வெட்டிய பலகைகளைக் குழுவுக்குக் குழு தருகிறேன். மூன்று விதி: சட்டத்திற்குக் குறுக்கே பலகை; முனை சட்டத்தின் மேல்; அடுத்த வரிசையில் மூட்டுக்கு நேர் மூட்டு கூடாது. பிறகு பிள்ளைகளே வகுக்க வேண்டும்.

18 அடிக்கு 12 அடி அறையைக் கொடுத்துப் பாருங்கள். பரப்பு 216 சதுர அடி, 32ஆல் வகுக்க ஆறே முக்கால், ஏழு பலகை. ஆனால் முதலில் தோன்றும் வழிகளில் எட்டுப் பலகை ஆகும். அல்லது கடைசியில் 2 அடிக் குறுந்துண்டு வந்து நிற்கும். பொறுமையாகத் தேடினால் ஏழிலேயே முடியும். அங்குலக் கணக்கில் முதல் வரிசை 32, 96, 88. இரண்டாவது 64, 96, 56. மூன்றாவது 80, 96, 40. ஒரு பலகையை 32, 64 என்றும் மற்றொன்றை 56, 40 என்றும் வெட்டினால் துளியும் வீணில்லை. மூட்டுகள் எல்லாம் 16இன் மடங்கில் விழுகின்றன. எதிரெதிரே நிற்கவும் இல்லை. இதை என் வகுப்பில் முதலில் கண்டுபிடித்தவன் கணக்கில் கடைசி வரிசை மாணவன். வாய்பாட்டில் தடுமாறுபவன் இடத்தைப் பார்க்கும் கண்ணில் சிறந்து விளங்கக் கூடும் என்பதை அன்று நான் கற்றேன்.

நான் இதை எழுதும் கோலா குபு பாருவும் வகுத்துக் கட்டப்பட்ட ஊரே. பழைய கோலா குபுவில் 1883ஆம் ஆண்டு அக்டோபர் 29இல் அணை உடைந்து பெருஞ்சேதம் விளைந்தது. அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை, என்னும் பெயரில் அந்த நினைவு இன்றும் நிற்கிறது. பின்னர் ஈயச்சுரங்க மணல் ஆற்றை மேடாக்க, வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. இறுதியில் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றினர். 1921இல் மலாய்க் கூட்டு நாடுகளுக்கு நகரமைப்பாளராக வந்த சார்லஸ் ரீட் என்பவரின் திட்டப்படி, 1930ஆம் ஆண்டையொட்டிப் புதிய ஊர் எழுந்தது. கடைத்தெரு எங்கே, குடியிருப்பு எங்கே, இடையில் பசும்புல் வெளி எங்கே என்பவை முதலில் தாளில் இடம் பெற்றன. மேலே சுரங்கம் தோண்டியவர்கள் மணல் எங்கே போய்ச் சேரும் என்று முன்னே எண்ணியிருந்தால், ஒருவேளை ஊர் இடம்பெயர வேண்டியிருந்திராது.

லயன் வீட்டை விட்டு வந்து சொந்தமாக ஓர் அறையேனும் எடுத்துக் கட்டும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் வாங்கும் ஒவ்வொரு பலகையும் உழைப்பின் விலை. அந்த வீட்டுப் பிள்ளை கட்டத்தாளை எடுத்து, "அப்பா, இந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீங்க, அடுத்த வரிசைக்கு ஆகும்" என்று சொல்லுமாயின், நாம் கற்பித்த கணக்கு வீடு போய்ச் சேர்ந்தது என்று மகிழலாம். எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், எங்கே என்றும் கேட்கப் பழக்குவோம். இதை நான் ஒரு குழந்தையின் மணிக்கட்டு நோவில் கற்றேன். மற்றவர்கள் கரும்பலகையிலேயே கற்கட்டும்.